எண்ணும் எழுத்தும் உயிர் காக்கும்

(ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரை. மலருக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது.)

 

"மருத்துவ ஆராய்ச்சியும் கல்வியும்" என்னும் பொருளில் பேசவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஆராய்ச்சி என்றதும் நம் பிள்ளைகளின் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய், பெரிய பெரிய இயந்திரங்கள். அதைத் தொடர்ந்து, "அதெல்லாம் நமக்கு எங்கேங்க வரும்?" என்று ஒரு பெருமூச்சு. அந்த எண்ணத்தைச் சற்று அசைத்துப் பார்க்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

இந்த மலாயா மண்ணிலே நடந்து, உலக மருத்துவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்த ஓர் ஆராய்ச்சி உண்டு. அது அடுப்பில் கொதிக்கும் சோற்றுப் பானையிலிருந்து தொடங்கியது. அதற்கு வேண்டியிருந்தவை ஒரு நல்ல கேள்வி, ஒரு நோட்டுப் புத்தகம், பொறுமையாக எண்ணிப் பார்க்கும் மனம், இவ்வளவுதான். அதிலே நம்மவருக்கும் ஒரு பங்கு இருந்தது. ஆனால் எந்தப் பங்கு என்பதுதான் இன்று நாம் சிந்திக்கவேண்டிய செய்தி.

மூன்று இனம், மூன்று சோறு

ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் பெரிபெரி என்று ஒரு நோய் ஆட்டிப் படைத்தது. முதலில் கால் மரத்துப் போகும். பிறகு நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். கடைசியில் இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இதற்குப் பலியானார்கள். காரணம் என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை. கிருமி என்றார் ஒருவர். ஈர மண் என்றார் இன்னொருவர். கட்டடத்தில் கோளாறு, கப்பலில் கோளாறு என்றெல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார். "இந்த நோய் யாருக்கு வருகிறது?" என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவரோ, "யாருக்கு வரவில்லை?" என்று கேட்டார். பதில் வியப்பாக இருந்தது. ஒரே வெயில், ஒரே மழை, ஒரே மண். ஆனால் சீனருக்கு நோய் மிகுதி. கம்பத்தில் வாழ்ந்த மலாய்க்காரர்களுக்குக் குறைவு. தோட்டத்துத் தமிழர்களுக்கும் மிகக் குறைவு.

இவர்களுக்குள் என்ன வேறுபாடு? சாப்பிடுகிற அரிசிதான். சீனத் தொழிலாளர்கள் சயாமிலிருந்து வந்த, ஆலையில் பளபளவென்று தீட்டிய வெள்ளையரிசியை உண்டார்கள். மலாய்க்காரர்கள் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது உரலில் குத்திச் சமைத்தார்கள். நம்மவர்களோ, கப்பலேறி வந்த பிறகும் ஊர்ப் பழக்கத்தை விடவில்லை. புழுங்கல் அரிசிச் சோறு இல்லேன்னா நம்ம ஆளுங்களுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது! இந்தியாவிலிருந்து வந்த அந்தப் புழுங்கல் அரிசிதான் அவர்களைக் காத்து நின்றது. பிராடன் தாம் கண்டவற்றை 1907-இல் நூலாக வெளியிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். பிராடன் கவனித்தது சரி. ஆனால் அவர் சொன்ன காரணம் தவறு. வெள்ளையரிசி பழசாகும்போது அதில் ஒருவகை நஞ்சு உண்டாகிறது என்று அவர் நினைத்தார். உண்மை அதற்கு நேர்மாறானது என்று பின்னால் தெரிந்தது. கவனிப்பது ஒரு படி, காரணம் காண்பது அடுத்த படி. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தின் பெயர்தான் சோதனை.

ஒற்றைப்படை, இரட்டைப்படை

அந்தச் சோதனையைக் கோலாலம்பூரில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் செய்தார். அந்நாளில் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று வழங்கிய மனநோய் இல்லத்தில் பெரிபெரியால் பலர் இறந்துகொண்டிருந்தார்கள். 1905 டிசம்பரில் அங்கிருந்த நோயாளிகளை அவர் வரிசையாக நிற்க வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு கட்டடத்துக்கு, இரட்டைப்படை எண் வந்தவர்கள் இன்னொரு கட்டடத்துக்கு. ஒரு பிரிவுக்குச் சயாம் வெள்ளையரிசி, மறு பிரிவுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்றபடி உணவில் வேறுபாடு இல்லை.

செல்வங்களே, ஏன் இப்படி எண் கொடுத்துப் பிரிக்கவேண்டும்? டாக்டரே ஆள் பார்த்துப் பிரித்தால் என்ன குடி முழுகிப் போய்விடும்? யோசித்துப் பாருங்கள். அவர் மனத்தில் ஏற்கெனவே ஓர் எண்ணம் இருந்தால், அவரறியாமலேயே திடகாத்திரமானவர்களை ஒரு பக்கமும் நோஞ்சான்களை மறுபக்கமும் அனுப்பிவிடலாம் அல்லவா? அப்புறம் வருகிற முடிவு அரிசியால் வந்ததா, ஆளால் வந்ததா என்று யார் சொல்ல முடியும்? எண் கொடுத்துப் பிரித்தால் அந்தப் பாரபட்சத்துக்கு இடமில்லை. எண்ணுக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று கிடையாது.

இன்னொன்றும் செய்தார். பாதி வழியில் இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றினார். அரிசி மட்டும் அவரவர்க்கு முன்போலவே. ஏன்? "நோய் கட்டடத்திலிருந்துதான் வருகிறது" என்று நாளை ஒருவர் வாதிட்டால் அதற்கு இன்றே விடை தேடி வைத்தார்.

1906 முடியும்போது கணக்கைப் பார்த்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 120 பேர். வெள்ளையரிசி உண்ட பிரிவில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது, 18 பேர் மாண்டார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அவர்களும் அதனோடுதான் உள்ளே வந்தவர்கள். மரணம் ஒன்றுகூட இல்லை. அவருடைய அறிக்கை 1907-இல் லண்டனிலிருந்து வெளிவரும் "லான்செட்" மருத்துவ ஏட்டில் அச்சாயிற்று.

அதோடு விட்டார்களா? இல்லை. ஒருவர் கண்டதை இன்னொருவர், இன்னோர் இடத்தில், வேறு ஆட்களிடம் செய்து பார்க்கவேண்டும். கோலாலம்பூரில் 1900-இல் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டேன்டன் ஆகிய இருவர், நெகிரி செம்பிலான் காட்டுக்குள் சாலை போட்டுக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு குழுவாகப் பிரித்து அதே சோதனையை நடத்தினார்கள். வெள்ளையரிசி உண்ட குழுவில் சில மாதங்களில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் அங்கே நின்றது. மாற்றி உண்ட மறு குழுவிலே தொடங்கியது. 1909-இல் அவர்களுடைய அறிக்கை வெளிவந்தது. 1910-இல் மணிலாவில் கூடிய கிழக்காசிய வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, பெரிபெரிக்கும் தீட்டிய வெள்ளையரிசிக்கும் தொடர்பு உண்டு என்பதை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது.

அரிசியில் நஞ்சு ஒன்றுமில்லை. தவிட்டோடு ஒரு சத்து போய்விடுகிறது. அதைத்தான் இன்று நாம் வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலிருக்கும் அந்தச் சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. இதுதான் புழுங்கல் அரிசியின் இரகசியம். அந்தச் சத்தை 1936-இல் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய இராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர், நம் தமிழகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நெல்லூரில் பிறந்தவர் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

"ஆகா, நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டார்கள்!" என்று யாரும் உடனே கைதட்டிவிடவேண்டாம். முன்னோர் நெல்லை அவித்தது குத்தும்போது அரிசி உடையாமல் இருக்க, நெடுநாள் கெடாமல் இருக்க, வாய்க்குப் பழகிய சுவைக்காக. வைட்டமின் என்ற பேச்சே அன்று கிடையாது. நல்ல பழக்கம் ஒன்று தற்செயலாக நம்மிடம் இருந்தது. அது சோதனையில் வென்று நின்றது. நம் மற்றப் பழக்கங்களும் அதே சோதனைக்கு வரட்டும். வென்றால் வைத்துக்கொள்வோம், தோற்றால் விட்டுவிடுவோம். அதுதான் முன்னோருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை.

அறிந்தது போய்ச் சேரவேண்டும்

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? போதாது. அது உரியவர் காதுக்குப் போய்ச் சேரவேண்டும். சேர்ந்தாலும் அவர் ஏற்கவேண்டும். ஆராய்ச்சியின் பாதி உயிர் இந்தத் தகவல் துறையில்தான் இருக்கிறது.

ஜப்பானியக் கடற்படையில் தகாக்கி என்றொரு மருத்துவர் இருந்தார். 1882 – 83-இல் நீண்ட பயணம் போன "ரியூஜோ" என்ற போர்க்கப்பலில் 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி கண்டது, 25 பேர் மாண்டார்கள். 1884-இல் அதே வழியில் இன்னொரு கப்பலை அனுப்பி, உணவை மட்டும் மாற்றினார். ஒருவர்கூடச் சாகவில்லை. காரணம் புரதக் குறைவு என்று அவர் நினைத்தது தவறுதான். ஆனால் உயிர்கள் பிழைத்தன. கடற்படை இதை ஏற்றுக்கொண்டது. தரைப்படை மருத்துவர்களோ, "இது கிருமி நோய்தான்" என்று சாதித்தார்கள். விளைவு? 1904 – 05-இல் ரஷியாவோடு நடந்த போரில் ஜப்பானியத் தரைப்படை வீரர்களில் ஏறத்தாழ 27,000 பேர் பெரிபெரியால் மாண்டார்கள். விடை இருபது ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டில் இருந்தது! எதிரியின் குண்டு செய்த வேலையை, ஏற்க மறுத்த ஒரு செய்தி செய்துவிட்டது.

ஜாவாவிலும் இதே காலத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. இன்று ஜக்கார்த்தா என்று வழங்கும் பத்தாவியாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகளுக்குக் கால் மடங்குவதைக் கண்டார். அவருடைய நண்பர் வோர்டர்மன், ஜாவாவின் 101 சிறைச்சாலைகளில் கைதிகள் என்ன அரிசி உண்டார்கள், எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று கணக்கெடுத்தார். எய்க்மனுக்கு 1929-இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த ஆரம்பக் கட்டுரைகள் டச்சு மொழியில் வெளிவந்தவை. அந்த மொழி தெரியாத எத்தனையோ பேருக்கு அவை எட்டவில்லை.

இதற்காகத்தான் நூலகக் கலையும் தகவல் இயலும் மருத்துவத்துக்குத் துணையாக வந்தன. 1879-இல் அமெரிக்காவில், உலக மருத்துவ ஏடுகளில் வரும் கட்டுரைகளுக்கெல்லாம் ஓர் அட்டவணை தொடங்கினார்கள். 1964-இல் அது கணினிக்கு ஏறியது. 1997 முதல் "பப்மெட்" என்ற பெயரில் யாரும் காசு கொடுக்காமல் தேடிப் பார்க்கும்படி திறந்துவிட்டார்கள். இன்று அதில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் உள்ளன. 1993 முதல் "காக்ரேன்" என்ற அமைப்பு, ஒரே கேள்வியைப் பற்றி நடந்த சோதனைகளையெல்லாம் ஒன்றுதிரட்டி, எடைபோட்டு, "மொத்தத்தில் பார்த்தால் இதுதான் தெரிகிறது" என்று சொல்லும் பணியைச் செய்து வருகிறது. ஒற்றைக் கட்டுரையை நம்பி மருந்து கொடுக்காதே என்பது அதன் பாடம்.

பெற்றோர்களே, இதை உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. "இந்த இலையை அரைத்துக் குடித்தால் சர்க்கரை வியாதி பறந்து போகும், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்." நாமும் புண்ணியம் என்று நினைத்து அனுப்பிவிடுகிறோம். அனுப்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள். யார் செய்து பார்த்தது? எத்தனை பேரிடம்? குடிக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்தச் செய்தி உங்கள் கைப்பேசியிலேயே படுத்துத் தூங்கட்டும். இந்த மூன்று கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளை, பெரிய படிப்பு படிக்காவிட்டாலும் பாதி ஆராய்ச்சியாளன்தான்.

எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள்

இனி, சற்றே மனம் கனக்கும் ஒரு செய்தி. அந்த மனநோய் இல்லத்தில் மாண்ட 18 பேரை நினைத்துப் பாருங்கள். "உனக்கு இந்த அரிசியைக் கொடுக்கப் போகிறோம், நோய் வந்தாலும் வரலாம், சம்மதமா?" என்று கேட்டால் தெளிந்து பதில் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. நோயாளியின் சம்மதம் பெற்றே தீரவேண்டும் என்ற உலக விதியும் அன்று இல்லை. அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது. ஒற்றைப்படை, இரட்டைப்படை என்ற எண்ணாக மட்டுமே வரலாற்றில் நிற்கிறார்கள். அவர்களால் இலட்சோப இலட்சம் பேர் பிழைத்தார்கள் என்பதும் உண்மை. அவர்களைக் கேட்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் நாஜிச் சிறைமுகாம்களில் மருத்துவத்தின் பெயரால் நடந்த கொடுமைகளுக்குப் பிறகுதான் உலகம் விழித்தது. 1947-இல் நூரெம்பெர்க் நெறிமுறையும், 1964-இல் உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி அறிக்கையும் வந்தன. ஆளுக்கு விளக்கிச் சொல்லி, அவர் மனமொப்பிய பிறகே சோதனை நடத்தவேண்டும், வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் விட்டுவிடவேண்டும் என்பது இன்று ஆராய்ச்சிக் கல்வியின் முதல் பாடங்களில் ஒன்று.

நம் பாட்டன் பூட்டன் காலத்தை எண்ணிப் பார்ப்போம். பெரட்டுக் களத்திலே கிராணி செக்ரோலைப் பிரித்து வைத்துக்கொண்டு தலைகளை எண்ணுவார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சல்காரர்களை எண்ணுவார்கள். இடுகாட்டுக்குப் போனவர்களையும் எண்ணுவார்கள். அந்தக் கணக்கெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. 1901-இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், கொசு உற்பத்தியாகும் சதுப்பு நிலத்தை வடிகால் வெட்டி வற்றச் செய்தார். கிள்ளானிலும், இன்று போர்ட் கிள்ளான் என்று வழங்கும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் 1901-இல் 582 ஆக இருந்த மரணங்கள் 1902-இல் 144 ஆகவும், 1903-இல் 115 ஆகவும் குறைந்தன. சதுப்பு நிலத்தில் வென்ற அந்த முறை, மலைப்பாங்கான தோட்டங்களில் செல்லவில்லை. அங்கே மலேரியாவைப் பரப்பிய கொசு வேறு. அது வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. காட்டை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டால் காய்ச்சல் கூடியது. கணக்கு எழுதிவைத்திருந்ததால்தான் இந்த வேறுபாடே தெரிந்தது. அந்த வடிகால்களை வெட்டிய கைகளும், அந்தக் காய்ச்சலில் நடுங்கிய உடல்களும் பெரும்பாலும் யாருடையவை என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

ஆக, நம்மவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எண்ணாக இருந்தார்கள். நோட்டுப் புத்தகம் அவர்கள் கையில் இல்லை. நான் இன்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்வதெல்லாம் ஒன்றுதான். அந்த நோட்டுப் புத்தகம் இனி நம் பிள்ளைகள் கைக்கும் வரட்டும். வரும்போது, ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஓர் ஆள், அந்த ஆளுக்குப் பின்னால் ஒரு குடும்பம் நிற்கிறது என்பதை மறவாத மனத்தோடு வரட்டும்.

தெரிந்துவிட்டது என்று நினைக்கும்போது

இதெல்லாம் வெள்ளைக்காரர் காலத்துக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். 1998-இல் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டிப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை, நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. கூர்ந்து பார்த்தவர்களுக்குச் சில செய்திகள் உறுத்தின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இதுவோ வளர்ந்த ஆண்களைத் தாக்கியது. தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கே வந்தது. மீண்டும் அதே கேள்விதான்: யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை?

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங் ஒரு நோயாளியிடமிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்குக் கொண்டுசென்று, அது அதுவரை உலகம் அறியாத வைரஸ் என்று உறுதிசெய்தார்கள். நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரால் அது நிப்பா வைரஸ் ஆயிற்று. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதருக்கும் அது வந்தது. இந்நாட்டில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்ற பிறகே அடங்கியது. இந்நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர், "தெரிந்துவிட்டது" என்று எல்லாரும் சொன்னபோது "இல்லை, இது பொருந்தவில்லையே" என்று நின்று பார்த்ததால் எத்தனையோ உயிர்கள் தப்பின.

நம் பள்ளியில் என்ன செய்யலாம்?

மாணவச் செல்வங்களே, டிங்கிக் கொசு தேங்கிய நல்ல நீரில் முட்டையிடும். ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் அது கொசுவாகிப் பறந்துவிடும். வாரம் ஒருமுறை பள்ளி வளாகத்தைச் சுற்றி வாருங்கள். பூச்சட்டித் தட்டு எத்தனை, பழைய டயர் எத்தனை, அதில் புழு இருந்தவை எத்தனை, இல்லாதவை எத்தனை? இல்லாததையும் எழுதவேண்டும், மறந்துவிடாதீர்கள். இருப்பதை மட்டும் எழுதுகிறவன் கதை எழுதுகிறான். இரண்டையும் எழுதுகிறவன்தான் கணக்கு எழுதுகிறான். எழுதியது பிழையென்று தெரிந்தால் அழிப்பானால் அழிக்காதீர்கள். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதித் தேதி போடுங்கள். பெரிய ஆய்வுக்கூடங்களிலும் இதுதான் முறை. பிழை வெட்கப்படவேண்டிய ஒன்றல்ல, மறைப்பதுதான் வெட்கம்.

வீட்டிலே பாட்டிக்குச் சர்க்கரை வியாதியா? "பாட்டி, நான் எழுதி வைக்கட்டுமா?" என்று முதலில் கேளுங்கள். கேட்பது முக்கியம். சரி என்றால், ஒரு சின்ன நோட்டில் தேதி, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, அளவு எவ்வளவு என்று குறித்து வையுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது பாட்டி அதை எடுத்துப் போகட்டும். "ஏதோ பரவாயில்லை டாக்டர்" என்று சொல்வதைவிட அந்த ஒரு பக்கம் மருத்துவருக்கு ஆயிரம் செய்தி சொல்லும்.

ஆசிரியப் பெருமக்களே, அறிவியல் பாடத்தில் விடையைச் சொல்லிவிட்டுச் சோதனை செய்யச் சொல்கிறோம். மாற்றிப் பார்ப்போமே! என்ன நடக்கும் என்று பிள்ளைகள் முதலில் தங்கள் ஊகத்தை எழுதட்டும், பிறகு செய்து பார்க்கட்டும். பெற்றோர்களே, "ஏன்? எப்படி?" என்று பிள்ளை துளைத்தெடுக்கும்போது, "சும்மா இரு, வாய் ஓயாதா உனக்கு?" என்று அதட்டாதீர்கள். தெரியாவிட்டால், "எனக்குத் தெரியலடா கண்ணு, வா தேடிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதைவிடப் பெரிய பாடத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுத் தராது.

நிறைவாக, பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கணக்கில் முதல், தமிழில் முதல், ஓட்டத்தில் முதல் என்று பரிசு கொடுக்கிறோம், மகிழ்ச்சி. அடுத்த ஆண்டு இவற்றோடு இன்னொன்றும் சேரட்டும். "ஆண்டின் சிறந்த கேள்வி" என்று ஒரு பரிசு. நல்லதொரு கேள்வியைக் கேட்டு, அதற்கு விடை தேடி ஒரு மாதமாவது எண்ணி எழுதிய பிள்ளைக்கு அது போகட்டும். விடை கிடைத்திருக்கவேண்டும் என்ற நிபந்தனைகூட வேண்டாம். வெள்ளிக் கிண்ணம் வேண்டாம், கெட்டி அட்டை போட்ட வெற்று நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். இந்த முறை பரிசு கிடைக்காமல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் அதை வாங்க மேடையேறக்கூடும்.